மஞ்சள் பூசிய வான்கோழி

வான்கோழி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடம் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவள் நான். டிசம்பர் பிறந்துவிட்டால் அங்கே வேறு பேச்சே கிடையாது. குளிர் அறையில் வரிசை வரிசையாக வான்கோழிகள் கிடக்கும். உருக வைப்பது, உப்புத் தடவுவது, தோலுக்கு அடியில் வெண்ணெய் திணிப்பது, கால்களைக் கயிற்றால் கட்டுவது, ஓவனில் ஏற்றுவது, இறக்குவது, வெட்டுவது என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். முதல் வருடம் ஒன்றைக் காய விட்டேன். இன்னொன்றை உள்ளே பச்சையாக இருக்கும்போதே இறக்கி, சமையலறையே கேட்கும்படி திட்டு வாங்கினேன். மூன்றாவது வருடத்திலிருந்து, கதவைத் திறக்காமல் வாசனையை வைத்தே இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவேன். அப்படியும் தெர்மாமீட்டரால் குத்திப் பார்க்காமல் இறக்க மாட்டேன். மூக்குக்குச் சளி பிடிக்கும். தெர்மாமீட்டருக்குப் பிடிக்காது.

ஆனால் அந்த வருடங்களில் சொந்த வீட்டு ஓவனில் ஒரு வான்கோழியைக்கூட நான் வைத்ததில்லை. கிறிஸ்மஸ் அன்று நான் வீட்டில் இருந்தால்தானே?

வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவில், ஜொகூரை ஒட்டிய மாசாயில், வரிசை வீடுகளில் நடுவீடு. என் வீட்டுக்காரர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். நான் உலு திராம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து தீபாவளி கொண்டாடி வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பண்டிகையும் எனக்கு உண்டு என்று ஆனது. ஹோட்டலில் தீபாவளிக்கு லீவு கேட்டால் கொடுப்பார்கள். கிறிஸ்மஸுக்குக் கேட்கவே வாய் வராது. விடியும் முன்பே பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனால், எல்லாம் முடிந்து மறுநாள்தான் வீடு.

அந்தப் பன்னிரண்டு கிறிஸ்மஸையும் அத்தை, அதாவது என் மாமியார், தனியாகத்தான் சமைத்தார். ஆட்டுக்கறிப் பெரட்டல், கோழிக் குழம்பு, நெய்ச்சோறு, வெள்ளரிக்காய்ப் பச்சடி. குளுவாங்கிலிருந்து என் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். மறுநாள் நான் வந்து ஐஸ்பெட்டியைத் திறந்தால், மூடி போட்ட ஒரு டப்பாவில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எனக்காக இருக்கும். சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு அத்தை" என்பேன். அவர் "ம்" என்பார். அதோடு கிறிஸ்மஸ் முடிந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்கிற வயதும் தாண்டிவிட்டது. இப்போது வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிற ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறேன். பண்டிகை என்றால் லீவு தானாகவே வருகிறது. நவம்பரில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, இந்தக் கிறிஸ்மஸுக்கு முழு வான்கோழி நான் போடுகிறேன் என்று அறிவித்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் அவர் அம்மாவைப் பார்த்தார்.

அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். மாதா கோயில் விருந்தில் ஒரு முறை வான்கோழி சாப்பிட்டிருப்பதாகவும், துணியை மென்ற மாதிரி இருந்ததாகவும் சொன்னார். சரியாகச் செய்யாதவர்கள் செய்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன் நான். அவர் ரசத்தை மூடி வைத்தார். ஆட்டுக்கறி எப்போதும் போல உண்டு என்று மட்டும் சொன்னார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஓவன் மேசை மேல் வைக்கிற மின்சார ஓவன். கேக் சுடலாம், கோழி சுடலாம். வான்கோழி நுழையுமா என்பதுதான் கேள்வி. அளவுநாடாவால் உள்ளே உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு, நாடாவையும் எடுத்துக்கொண்டு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். உறைந்து கிடந்த வான்கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, நெஞ்சு உயரத்தை நாடா வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் தெரியாதவர் மாதிரி தள்ளி நின்று மீன் டின்களைப் படித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் பொருள் அடுக்கிக்கொண்டிருந்த மலாய்ப் பையன் வந்து, என்ன தேடுகிறேன் என்று கேட்டான். என் ஓவனுக்குப் பொருந்துகிற ஆயாம் பெலண்டா வேண்டும் என்று, வான்கோழிக்கு மலாய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவனும் குனிந்து அடியிலிருந்து இரண்டு மூன்றை எடுத்துக் கொடுத்தான். கடைசியில் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, தட்டை நெஞ்சோடு ஒன்று கிடைத்தது. மேல் கம்பிக்கும் அதற்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருக்கும். எனக்கு அது போதும்.

உறைந்த பறவையை அவசரப்படுத்தக் கூடாது. ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாள் வைத்து மெதுவாக உருக விட வேண்டும். கீழ்த்தட்டில் அத்தையின் சாமான்கள் இருந்தன. தேங்காய்ப்பால், அரைத்த மசாலா, பலகாரத்துக்குப் பிசைந்து வைத்த மாவு. எல்லாவற்றையும் எடுத்து மேலே திணித்துவிட்டு, வான்கோழியை ஒரு தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன். ஹோட்டலில் பெரிய குளிர் அறை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

இருபத்து நான்காம் தேதி அரை நாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மஞ்சள் வாசனை அடித்தது. சமையலறைக்குள் போனேன். பெரிய அலுமினிய பேசினில் என் வான்கோழி மல்லாந்து கிடந்தது. தலையிலிருந்து கால்வரை என்று சொல்ல முடியாது, தலை கிடையாது. கழுத்து முனையிலிருந்து கால் நுனிவரை மஞ்சள். நலுங்கு வைத்த பெண்ணைப் போலப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் நின்று அத்தை கை கழுவிக்கொண்டிருந்தார்.

வெண்ணெய், ரோஸ்மேரி, தைம் இலைகள், பூண்டு, எலுமிச்சைத் தோல் என்று ஒரு மாதமாக மனதுக்குள் சமைத்துக்கொண்டிருக்கிறேன். அதில் எங்கேயும் மஞ்சள் இல்லை. யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"யாரக் கேக்கணும்? பச்ச மாமிசத்த மஞ்ச உப்பு போடாம வெச்சா ஐஸ்பெட்டி பூரா வாட அடிக்கும். வயித்துக்குள்ள பிளாஸ்டிக் பைய வெச்சி விக்கிறான், அதுகூட உனக்குத் தெரியல. நான்தான் எடுத்தேன்."

அந்தப் பையில் இருப்பது கழுத்தும் ஈரலும், அது அப்படித்தான் வரும், எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்தவள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அத்தை துண்டில் கையைத் துடைத்தார். அவர் கத்துகிறவர் இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும்.

"அதே பன்னெண்டு வருசம் இந்த வீட்டுல நல்ல நாள் சமையல நான் ஒருத்திதாம்மா பாத்தேன். நீ வந்த, வான்கோழின்ன, என் மாவ எடுத்து எங்கயோ வெச்ச. அத்த, வைக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அது உண்மை. வெட்கமாக இருந்தது. வேலையில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் இது என் சமையலறை மட்டும் இல்லை என்பதை, இங்கே வந்து பதினைந்து வருடம் கழித்து ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கேட்டிருக்கணும் அத்தை. தப்புதான்" என்றேன்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பேசினைத் தன் பக்கம் இழுத்து, கழுவிவிட்டால் மஞ்சள் போய்விடுமா என்று கேட்டார். போகாது என்றேன். சொல்லும்போதே என் மூளை சமையல்காரி மூளையாக மாறிவிட்டது. குனிந்து பறவையைப் பார்த்தேன். தடவியிருந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. இறக்கை மடிப்பு, தொடை இடுக்கு, வயிற்று உள்பக்கம், எல்லா இடத்திலும் உப்பு ஒரே சீராக ஏறியிருந்தது. அன்று மதியம் வந்து நான் செய்ய இருந்த வேலையும் அதுதான். முதல் நாளே உப்புத் தடவி, மூடாமல் ஐஸ்பெட்டியில் வைத்தால் இறைச்சி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் மட்டும் காயும், மறுநாள் மொறுமொறுவென்று வரும். மஞ்சள் ஒன்றுதான் கூடுதல். எவ்வளவு உப்புப் போட்டார் என்று கேட்டேன். உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அப்படியானால் வெண்ணெயில் உப்புப் போட வேண்டாம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டேன். வேறு எதையும் மாற்றவில்லை.

"இப்படியே செய்யலாம். கெட்டுப்போகல" என்றேன்.

இந்த முறை, அத்தை மாவைத் திரும்ப வைத்திருந்த கீழ்த்தட்டைக் காலி பண்ணலாமா என்று கேட்டேன். அவரே காலி பண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் கிறிஸ்மஸ். கிறிஸ்மஸ் பூசைக்கு முந்தின நாள் மாலையே மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிட்டதால் காலை எங்களுக்குத்தான். ஏழு மணிக்கு வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தேன். இந்த ஊர் வெயிலுக்கு அரை மணியில் குழைந்துவிடும். ரோஸ்மேரியை ஜொகூர் பாருவிலிருந்து சின்னத் தொட்டியோடு வாங்கி வந்திருந்தேன். காம்பிலிருந்து இலையை உருவி, தைமும் பார்ஸ்லியும் சேர்த்துப் பொடியாக நறுக்கினேன். பூண்டு, மிளகு, எலுமிச்சைத் தோல் துருவல். எல்லாவற்றையும் வெண்ணெயில் போட்டுப் பிசைந்தேன். அத்தை ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து, தைலம் மாதிரி இருக்கிறது என்றார். ஆட்டுக்கறிக்கு வெங்காயம் அரிய உட்கார்ந்தவர், கத்தியை வைத்துவிட்டு நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் கஷ்டமான இடம் தோல்தான். நெஞ்சுத் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவில் விரலை விட்டு, கிழியாமல் மெல்லப் பிரித்து, அந்தப் பைக்குள் வெண்ணெயைத் தள்ள வேண்டும். தோலில் ஓட்டை விழுந்தால் வெண்ணெய் தட்டில் வழிந்து வீணாகும். என் கை பெரிய கை. ஹோட்டலிலேயே இதை மெதுவாகத்தான் செய்வேன். நெஞ்சைப் பிரித்துவிட்டேன். தொடைப் பக்கம் போகும்போது அத்தை எழுந்து வந்தார். தன் வளையலைக் கழற்றிச் சன்னல் ஓரம் வைத்தார்.

"தள்ளு. உன் கை நொழையாது."

அவர் கை பள்ளிக்கூடப் பிள்ளையின் கை அளவுதான் இருக்கும். இரண்டு விரலை விட்டார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, விரல் நுனியால் பார்த்துப் பார்த்துப் போனார். தொடை முழுவதும், கால் எலும்புவரை தோல் கழன்று வந்தது, ஒரு கீறல்கூட விழவில்லை. நான் வெண்ணெயை உருண்டையாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் உள்ளே வைத்து மேலிருந்து தடவித் தடவிப் பரப்பினார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் பத்து வருடம் மின்னணுத் தொழிற்சாலையில், முடியைவிட மெல்லிசான கம்பியைப் பொருத்துகிற வேலை பார்த்ததாகச் சொன்னார். அங்கே வேலை பார்த்தார் என்று தெரியும். என்ன வேலை என்று நான் கேட்டதே இல்லை.

பிறகு, வெண்ணெயைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நல்ல நாளுன்னா ஆள் பத்தாது, ஷிப்ட்டுக்கு வரச் சொல்லுவாங்க. நான் போவேன். திரும்பி வந்து பாத்தா வீட்டுல சட்டியக் கழுவிக் கவுத்திருப்பாங்க. ஒரு பருக்க இருக்காது. அதான் உனக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் மத்தவங்களுக்குப் போடுவேன்."

என் கையில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த டப்பாவை மிச்சம் மீதி என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் ஒதுக்கி வைத்தது என்று. முதலில் எடுத்து வைத்தது என்று அவரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அவர் கயிறு எங்கே என்று கேட்டார். கயிற்றைக் கொடுத்தேன். நான் காலைப் பிடிக்க, அவர் கட்டினார்.

வயிற்றுக்குள் ஒரு வெங்காயமும் பாதி எலுமிச்சையும் வைத்தோம். மேல் கம்பி நெஞ்சைக் கருக்கிவிடும் என்பதால் அலுமினியத் தாளை மடித்து ஒரு கவசம் செய்து தயாராக வைத்திருந்தேன். எட்டரை மணிக்கு ஓவனுக்குள் போனது. முதல் அரை மணி நல்ல சூடு, பிறகு குறைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல். அடியில் வழிகிற நெய்யை அவ்வப்போது கரண்டியால் மேலே ஊற்ற வேண்டும் என்பார்கள். நான் ஊற்ற மாட்டேன். கதவைத் திறந்தால் சூடு போய்விடும். உள்ளே வெண்ணெய் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

பத்து மணிக்குக் குளுவாங்கிலிருந்து அண்ணன் குடும்பம் வந்து இறங்கியது. வந்ததும் யாரோ ஹாலில் ஏர்கானைப் போட்டார்கள். சமையலறையில் மின்சாரச் சோற்றுப் பானை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. சுமை தாங்காமல் பட்டென்று வீடு முழுவதும் மின்சாரம் போனது. ஓவன் விளக்கும் அணைந்தது. அண்ணன், வான்கோழி போச்சா என்று கேட்டார். கதவைத் திறக்காத வரைக்கும் ஒன்றும் ஆகாது, இரும்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது என்றேன். சுவரில் விழுந்திருந்த மெயின் சுவிட்சை நானே தூக்கிவிட்டு, இனிமேல் இந்த வீட்டில் ஓவனையும் சோற்றுப் பானையையும் தவிர எதுவும் ஓடக்கூடாது என்று சொன்னேன். மின்விசிறிகூட வேண்டாம். கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிற குரலில் சொன்னேன்.

எல்லாரும் வேர்த்துக்கொண்டு கார் நிறுத்துகிற முன்கூடத்துக்குப் போனார்கள். அங்கே நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, வேலியில் துணி காயப்போட வந்தவர், என்ன எல்லாரும் வெளியே என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் உள்ளே போய், தன் வீட்டிலிருந்து நீள வயரை இழுத்து வேலிக்கு மேலே தூக்கிப் போட்டார். அதில் இரண்டு மேசை விசிறிகளை மாட்டினோம். அவருக்கு ஒரு தட்டுப் பலகாரம் போனது. திரும்பி வந்த தட்டில் அவர் வீட்டு மலாய்ப் பலகாரம், குவே இருந்தது. பிள்ளைகள் ரோட்டில் சைக்கிள் ஓட்டினார்கள். ஹாலில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் வெளியே சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது சமையலறைவரை கேட்டது.

மின்சாரம் போன நேரத்தையும் சேர்த்து, பதினொன்றரைக்குத் தொடையில் தெர்மாமீட்டரால் குத்திப் பார்த்தேன். எழுபத்தாறு டிகிரி. நெஞ்சில் எழுபத்திரண்டு. இறக்கினேன். அத்தை பக்கத்தில் நின்றார். ஹோட்டலில் நான் இறக்கிய எதுவும் அந்த நிறத்தில் வந்ததில்லை. அதெல்லாம் பழுப்பு. இது மஞ்சளும் பழுப்பும் கலந்து, பழைய தங்கத்தைப் போல இருந்தது. தோலுக்கு அடியில் பச்சை இலைத் துணுக்குகள் நிழலாகத் தெரிந்தன. விரலால் சுண்டினால் டக்கென்று சத்தம் வந்தது.

அண்ணன் கத்தியோடு வந்தார். அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்றேன். இப்போது வெட்டினால் உள்ளே இருக்கிற சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும், அப்புறம் அது துணிதான். பசிக்கிறது என்றார். பசிக்கட்டும் என்றேன். அவர் அம்மாவிடம் முறையிடப் பார்த்தார்.

"அவ சொல்றதக் கேளுலா" என்றார் அத்தை.

அந்த அரை மணியில் தட்டில் இருந்த நெய்யை வடித்து, கழுத்தை வேக வைத்த தண்ணீரை ஊற்றிக் குழம்பு செய்தேன். அதுவும் மஞ்சளாகத்தான் வந்தது. அத்தை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, மிளகு பத்தாது என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. போட்டோம்.

முன்கூடத்திலேயே மேசையைப் போட்டு, நெய்ச்சோறு, ஆட்டுக்கறிப் பெரட்டல், பச்சடி எல்லாவற்றுக்கும் நடுவில் வான்கோழியை வைத்தேன். வெட்டுவது எனக்குக் கைவந்த வேலை. காலைத் திருப்பி எடுத்து, நெஞ்சை எலும்பிலிருந்து முழுதாகக் கழற்றி, குறுக்காக விரல் கனத்துக்கு வெட்டினேன். கத்தி இறங்கிய இடத்தில் சாறு மினுமினுத்தது. முதல் துண்டை நெஞ்சிலிருந்தே எடுத்து அத்தையின் தட்டில் வைத்தேன். காய்ந்துபோவதாக இருந்தால் நெஞ்சுதான் காயும். சோதிப்பதென்றால் அங்கேதான் சோதிக்க வேண்டும்.

அவர் கையால் பிய்த்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் பதற்றம் இல்லை. கத்தி இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, குழம்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார். இரண்டாவது துண்டைத் தானே எடுத்துக்கொண்டார். பிறகு யாரும் காத்திருக்கவில்லை. தோல் முதலில் தீர்ந்தது. பிள்ளைகள் கால் எலும்புக்குச் சண்டை போட்டார்கள். என் வீட்டுக்காரர் வான்கோழியைப் பெரட்டல் மசாலாவில் தொட்டுச் சாப்பிட்டார். ஹோட்டலில் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். நானும் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அண்ணி, இவ்வளவு சாறாக எப்படி வந்தது என்று என்னைக் கேட்டார். நான் வெண்ணெயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அத்தை குறுக்கே புகுந்தார்.

"மஞ்ச போட்டது நானு. அதான் வாடையே இல்ல."

நான் மறுக்கவில்லை. உப்பும் அவர் போட்டதுதான் என்று நானே சேர்த்துச் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

சாப்பிட்டு எல்லாரும் பாயை விரித்துச் சாய்ந்தபோது மழை பிடித்தது. நாங்கள் இருவரும் பின்பக்கம் உட்கார்ந்து எலும்பில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தோம். அவர் பிய்த்த குவியல் என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது. எலும்புக்கூட்டை உடைத்துப் பெரிய சட்டியில் போட்டு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தோம். மாலையில் ஆளுக்கொரு கோப்பை சூப். மழை விட்டதும் அண்ணன் குடும்பம் கிளம்பியது. குளுவாங் போகிறவரை குடிக்கட்டும் என்று அத்தை பெரிய பிளாஸ்க்கைக் கழுவினார், நான் சூப்பை வடிகட்டி ஊற்றினேன்.